படுக்கையறையில் கார்ப்பெட்... நீங்களே விரிக்கப் போகிறீர்களா?

"டாக்டர், பகல்ல நல்லா ஓடியாடி விளையாடுறான். ராத்திரி படுத்தா போதும், இழுப்பு வந்துடுது!"

எட்டு வயதுப் பையனை அழைத்து வந்த தாய் இப்படிச் சொன்னார். நாடி பார்த்து, ஆடாதோடை மணப்பாகும் தாளிசாதி சூரணமும் கொடுத்தேன். குறைவதும் திரும்புவதுமாக இரண்டு மாதம் ஓடியது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்றாவது மாதம்தான் கேட்டேன்: "பையன் படுக்கிற அறையில தரையில என்ன போட்டிருக்கீங்க?"

அப்பாவின் முகம் வாடிவிட்டது. வெறும் தரை பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்து, கார்ப்பெட்டும் அடியில் போடும் ஃபோம் விரிப்பும் வாங்கி, ஒரு ஞாயிறு முழுக்கக் குனிந்து நிமிர்ந்து அவரே ஒட்டியிருக்கிறார். இழுப்பு அதிகமானது அதற்குப் பிறகுதான்.

காரணம் என்ன? நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழும் தூசிப்பூச்சிகள்! ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைத்துக்கொள்ளும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். இவற்றின் கழிவு மூச்சில் கலந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் இழுப்பும் வரும். நாங்கள் 'ஐயம்' என்று சொல்கிற கபம் மிகுந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் படுக்கையறையில் கார்ப்பெட்டே வேண்டாம். மற்றவர்கள் தாராளமாகப் போடலாம். ஆனால் இவற்றைக் கவனியுங்கள்:

* முதலில் தரையின் ஈரத்தைச் சோதியுங்கள். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து உள்பக்கம் நீர் முத்து தெரிந்தால் கார்ப்பெட் ஆசையை விட்டுவிடுங்கள். அடியில் பூஞ்சை பிடிக்கும்.

* ஃபோம் கெட்டியாக இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வேண்டாம். கதவு உரசாமல் திறக்குமா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

* புதிய கார்ப்பெட்டின் வாசனை சிலருக்குத் தலைவலி தரும். வேறு அறையில் பிரித்துப் போட்டு, ஜன்னலைத் திறந்து, இரண்டு மூன்று நாள் காற்றாட விடுங்கள்.

* அறையின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வாங்கி, விரித்த பிறகு ஓரத்தை வெட்டுங்கள். ஃபோமின் இணைப்பும் கார்ப்பெட்டின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது.

* தரை முழுக்கப் பசை தடவாதீர்கள். ஓரங்களில் இருபக்க டேப் போதும். நாளைக்கு எடுக்க வேண்டி வந்தால் சுலபம்.

* வேலை செய்யும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். அன்றிரவு குழந்தைகளை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

விரித்த பிறகு வாரம் ஒருமுறையாவது வாக்குவம் கிளீனர் போடுங்கள். போர்வை, தலையணை உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் சாகும்.

சரி, அந்தப் பையன் என்ன ஆனான்? அடுத்த ஞாயிறே அப்பா கார்ப்பெட்டைப் பிய்த்து எடுத்துவிட்டார். "வெறும் தரையில விளையாடினா சளி பிடிக்காதா டாக்டர்?" என்று கவலையோடு கேட்டார். "கோரைப்பாய் ஒண்ணு போடுங்க. ஈரத்துணியால துடைச்சு, வெயில்ல காயவைச்சா போதும்" என்றேன். இழுப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் இரவில் தூங்குகிறான். அவனுக்கு ஆங்கில மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தச் சொல்லவில்லை. நீங்களும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அந்த அப்பாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பாசத்தில் செய்ததற்காக மனசு நொந்துகொள்ள வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்காத தவறு என்னுடையதும்தான்!