கதிர் அரிவாளும் அறுவடை வண்டியும்

ஓரிக்கையில் பாலாற்றை ஒட்டிய வயல்வெளியில் சொர்ணவாரி அறுவடையன்று சற்று நேரம் நின்றோம். செயின் பூட்டிய வண்டி வயலில் இறங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் நெல் அறுபட்டு, அடிபட்டு, மணியாகித் தார்ப்பாயில் குவிந்தது. வரப்பில் நான்கு பெண்கள் அரிவாளோடு அமர்ந்திருந்தனர். "வண்டி திரும்ப முடியாத மூலைக் கதிரை அறுக்கத்தான் எங்களைக் கூப்பிட்டாங்க சாமி" என்றார் மூத்தவர். முன்பு ஓர் ஏக்கர் அறுப்புக்குப் பதினைந்து, இருபது பேருக்கு வேலை இருந்தது.

காஞ்சித் தறிக்காரருக்கு இக்கேள்வி புதிதன்று. விசைத்தறிக்கு முன் கைத்தறி நிற்கவேண்டுமென்றே சில துணி வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்தனர். கதிர் அரிவாளுக்கு அத்தகைய சட்டம் கிடையாது. வேண்டுமென்று நாமும் கேட்கமாட்டோம். குனிந்து அறுத்தவளின் முதுகு வலி அவளுக்குத்தானே தெரியும்!

நிலக்காரரையும் குறை கூறுவதற்கில்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவருடைய சராசரி நிலம் 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஊர்ப் பிள்ளைகள் விடியுமுன் கம்பெனிப் பேருந்தேறித் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போய்விடுகின்றனர். மழை இருண்டு வருகையில் ஆளுக்காகக் காத்திருந்தால் விளைந்த நெல் வயலிலேயே முளைத்துவிடும். ஆனால் இரண்டு ஏக்கர்க்காரர் வண்டி வாங்க இயலாது, வாடகைக்குத்தான் எடுக்கவேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகைக்குத் தருகிறது. எனினும் பருவத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள்; தனியார் வண்டி பெரிய வயல்களை முடித்துவிட்டே சிறு துண்டுக்கு வரும்.

இயந்திரத்தால் விளைச்சல் பெருகுகிறதா? தெற்காசிய டிராக்டர் ஆய்வுகள் பலவற்றையும் ஒப்புநோக்கி ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்னும் பொருளியலறிஞர் 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார். டிராக்டரால் மட்டுமே விளைச்சல் கணிசமாக உயர்ந்ததற்குத் தக்க சான்று இல்லை என்பதே அவர் கண்டது. மாட்டின் வேலையையும் ஆளின் வேலையையும் அது ஏற்றுக்கொண்டது, அவ்வளவே. அறுவடை வண்டியும் புதிதாக ஒரு மணியையும் விளைவிப்பதில்லை. விளைந்ததை மழைக்கு முன் வீடு சேர்க்கிறது. வைக்கோலோ நொறுங்கிச் சிதறுகிறது. அதைக் கட்டாக்க இன்னொரு இயந்திரம், இன்னொரு வாடகை! போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்கியதை வேதாகமத்தில் வாசிக்கிறோம். இங்கும் சிந்திய நெல் உண்டு. அது துண்டு வைக்கோலோடு சேற்றில் கலந்து கிடக்கிறது.

விளைச்சலையே கூட்டிய எளிய கருவியும் ஒன்றுண்டு. மடகாஸ்கர் தீவில் உழவரிடையே உழைத்த பிரெஞ்சு சேசுசபைக் குருவானவர் ஹென்றி தெ லொலானியே, 1980-களில் ஒரு புதிய நடவு முறையை உருவாக்கினார். பதினைந்து நாள் இள நாற்று, குத்துக்கு ஒன்றே, சதுர இடைவெளி, தேங்காத நீர், கையால் தள்ளும் உருளைக் களைக்கருவி. அக்கருவி களையைச் சேற்றில் அமுக்குவதோடு வேருக்குக் காற்றும் ஊட்டும். தூர்கள் பெருகும். இதையே நம் நாட்டில் செம்மை நெல் சாகுபடி என்கிறோம். ஏக்கருக்கு 3 கிலோ விதையே போதும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். நம் ஊரில் களையெடுப்பு பெண்களின் கூலி. கருவி வந்ததும் பல இடங்களில் அது ஆண்கள் கைக்குப் போயிற்று. சேற்றில் தள்ளக் கடினம் என்பது காரணம். பெண்களுக்கேற்ற இலகுவான கருவியைச் செய்து அவர்களுக்கே பழக்கியிருந்தால், முதுகும் நிமிர்ந்திருக்கும், கூலியும் நின்றிருக்கும்.

இதை வரப்பிலிருந்த பெண்களிடமே சொன்னோம். மூத்தவர் அரிவாளை இடுப்பில் செருகியவாறு கேட்டார்: "அது எவ்வளவு கனம் இருக்கும் சாமி? நாலு பேரும் சேர்ந்து ஒண்ணு வாங்கினா, ஆளுக்கு எவ்வளவு ஆகும்?"