உயிர் காப்பவருக்கு ஆறுதல் யார்?

"108" என்று அழைத்தால் ஓடி வருகிறதே வண்டி, அதில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் டிரைவர், மற்றவர் மருத்துவ உதவியாளர். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் இந்த வண்டிகள் ஓடுகின்றன.

விபத்தில் அடிபட்ட குழந்தையை ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பார்கள். குழந்தை பிழைத்ததா? கேட்க நேரம் ஏது! ரத்தத்தைக் கழுவுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

வீட்டுக்குப் போனாலும் சிலருக்குச் சோறு இறங்காது; தூக்கம் வராது.

பிறகு ஏன் இந்த வேலை? வழியில் வண்டியை நிறுத்திப் பிரசவம் பார்ப்பதும் உண்டு. "குவா, குவா" என்று குழந்தை அழும். அந்தச் சத்தம் பத்து நாள் பாரத்தை இறக்கிவிடும்.

துக்கத்தை மறைப்பது வீரம் அல்ல. வாய்விட்டுச் சொன்னால் பாதி குறையும். வீட்டில் உள்ளவர்களே! அவர் பேசாமல் இருந்தால் கோபிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "இன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.