கூண்டை விட்டு வெளியேறிய பாம்பு

காலையில் எழுந்து பார்க்கிறீர்கள். கண்ணாடிப் பெட்டியின் மூடி ஒரு விரற்கடை விலகியிருக்கிறது. உள்ளே பாம்பைக் காணோம்! நமக்கு இது கதைபோலத் தோன்றும். ஆனால், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாய், பூனையைப் போலப் பாம்பையும் வீட்டில் வளர்ப்போர் உண்டு. அங்கே பெரிதும் வளர்க்கப்படுபவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்பு. மற்றொன்று, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. அச்சம் ஏற்பட்டால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டு கொள்வதால் அதற்கு இப்பெயர். இவ்விரண்டுக்கும் நஞ்சு இல்லை.

ஓடிய பாம்பை எங்கே தேடுவது? பெயரிட்டு அழைத்தால் வராது. அதற்கு வெளிக்காது இல்லை. பாம்பு நம்மைப்போல் உடல் வெப்பத்தைத் தானே நிலையாக வைத்துக்கொள்ள இயலாத பிராணி. ஆகவே வெதுவெதுப்பான இடத்தை நாடும். மேலும், உடலின் இருபுறமும் எதிலாவது படும்படியான இருண்ட இடுக்கில்தான் அது அமைதி கொள்ளும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இடம் வீட்டில் எது? குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், மோட்டார் இருக்கும் மூலை! அடுத்து சோபாவின் அடிப்புறம், புத்தக அலமாரியின் பின்புறம், துணிக் குவியல். முதலில் அறைக் கதவுகளைச் சாத்தி, கதவின் அடி இடைவெளியில் துணியைச் சுருட்டி அடைத்துவிட வேண்டும். பகலில் அகப்படாவிட்டால், இரவில் வாசற்படி அருகிலும் சுவரோரமாகவும் மாவை மெல்லியதாகத் தூவி வைக்கலாம். காலையில் பாம்பு சென்ற தடம் அதில் பதிந்திருக்கும். எளிய தந்திரந்தான், ஆனால் பயன் மிகுந்தது.

கண்டவுடன் மேலிருந்து பாய்ந்து பிடிக்கக் கூடாது. பருந்து போன்ற பகைவர்கள் வருவது மேலிருந்துதானே! பக்கவாட்டில் மெதுவாகக் கையைக் கொண்டுபோய், உடலை இரண்டு இடங்களில் தாங்கித் தூக்க வேண்டும். கழுத்தை நெரிப்பதோ, வாலைப் பிடித்துத் தொங்கவிடுவதோ தவறு. பாதி உடல் பொந்துக்குள் இருந்தால் இழுக்காதீர்கள். அது உடலை இறுக்கிக் கொள்ளும். நீங்கள் இழுக்க இழுக்க அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேதமடையும். கையில் எலி வாடை இருந்தால் கையையே இரையென்று கவ்விவிடக்கூடும். கவ்விவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பற்கள் உட்புறமாக வளைந்திருப்பதால் சதை கிழியும். குளிர்ந்த நீரை அதன் வாய்மேல் ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். பிறகு காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடிக்காவிட்டாலும் கைகழுவுதல் கட்டாயம். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருப்பதுண்டு.

தப்பிய பாம்பு வீட்டுக்குள்ளேயே இருந்தால் கவலை சிறிது. வெளியே போய்விட்டால்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பரந்த சதுப்புநிலம் இருக்கிறது. வளர்ப்போரிடமிருந்து தப்பியும், அவர்களாலேயே விடப்பட்டும் பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகிவிட்டன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, மலைப்பாம்புகள் நெடுநாளாக வாழும் பகுதிகளில் ரக்கூன் என்னும் விலங்கு கண்ணில் படுவது ஏறத்தாழ 99 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கூறியது. அதே ஆண்டில் அந்நாட்டு அரசு இப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே நம் வீட்டுக்குள் காணும் பாம்பு, தானாக வந்த காட்டுப்பாம்பாகவே இருக்கும். இங்குதான் ஆபத்து! மலைப்பாம்புக் குஞ்சின் உடலிலுள்ள பழுப்புத் திட்டுகளும் கண்ணாடி விரியனின் திட்டுகளும் பழகாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மேலே சொன்ன பிடிக்கும் முறை முழுவதும், இனம் அறிந்து வளர்த்த பாம்புக்கு மட்டுமே உரியது. வேறு எந்தப் பாம்பானாலும் விலகி நில்லுங்கள். அது எங்கிருக்கிறது என்பதைத் தொலைவிலிருந்து கவனித்துக்கொண்டு, 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழையுங்கள். கட்டுவிரியன் உறக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம் என்பதை அறிந்தவர்கள் துணிச்சல் காட்டமாட்டார்கள்.

கடிபட்டுவிட்டால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கூடாது. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த உறுப்பே அழுகிவிடக்கூடும். மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்துதான் இங்கே தரப்படுகிறது. ஆகவே கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துச் செல்ல வேண்டியதும் இல்லை.