தொட்டிலும் சோதனைச்சாலையும்

தாவரங்களிலுள்ள மருந்துப் பொருள்களைப் பிரித்தெடுக்கும் பணி கடிகாரத்துக்கு அடங்குவதன்று. வேரையோ பட்டையையோ உலர்த்திப் பொடியாக்கி, கரைப்பானில் ஊறவைத்து வடித்து, அமிலத்தையும் காரத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்த பின்னரே காரப்போலி எனப்படும் பொருள் சிறிதளவு கிடைக்கும். பாதியில் விட்டால் பல நாள் உழைப்பு வீணாகலாம். குழந்தையின் பசியும் காய்ச்சலும் அவ்வாறே நேரம் பார்த்து வருவனவல்ல. இவ்விரு பொறுப்புகளையும் ஒருசேர ஏற்கும் தாய் அவற்றை எவ்வாறு நிறைவேற்றுவது? இக்கேள்விக்குக் கல்கத்தாவின் இரசாயன விஞ்ஞானி அசீமா சட்டர்ஜியின் வாழ்க்கை தெளிவான விடையளிக்கிறது.

1917-ஆம் ஆண்டில் அந்நகரில் பிறந்த அவர், 1940-இல் லேடி பிரபோர்ன் கல்லூரியின் இரசாயனப் பகுதியைத் தொடங்கி வைத்தார். 1944-இல் கல்கத்தா சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான டாக்டர் பட்டம் அளித்தது. இந்தியச் சர்வகலாசாலை ஒன்றில் இப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அடுத்த ஆண்டு பௌதிக இரசாயன அறிஞர் வரதானந்த சட்டர்ஜியை மணந்தார். ஒரு மகளுக்குத் தாயானார்.

கைக்குழந்தையுடன் கடல் கடந்து

1947-இல் மேலாராய்ச்சிக்காக அவர் அமெரிக்கா சென்றபோது குழந்தையையும் உடன் அழைத்துச் சென்றார். குழந்தையைப் பராமரிக்க ஒரு பெண்மணியும் கூடச் சென்றார். விஸ்கான்ஸின் சர்வகலாசாலையிலும் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்திலும் பணிபுரிந்தபின், ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிக் நகரில் நோபல் பரிசு பெற்ற பால் காரரிடம் காரப்போலிகளை ஆராய்ந்து, 1950-இல் அவர் தாயகம் திரும்பினார்.

இதே கல்கத்தாவின் மருத்துவர் காதம்பினி கங்குலி 1893-இல் மேற்படிப்புக்காகப் பிரிட்டன் சென்றபோது, தம் குழந்தைகளைக் குடும்பத்தாரின் பொறுப்பில் விட்டுச் செல்ல நேர்ந்தது. ஒருவர் குழந்தையைப் பிரிந்து சென்றார். மற்றவர் அழைத்துச் சென்றார். ஆயினும் குழந்தையை ஏந்த வேறொரு கை இருந்தமையாலேயே இருவர் பயணமும் கைகூடியது.

நிலைத்த பணி

1954-இல் கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரியில் சேர்ந்த அசீமா, 1962 முதல் இருபதாண்டுகள் கைரா பேராசிரியர் பதவி வகித்தார். சர்ப்பகந்தி, நித்தியகல்யாணி முதலிய செடிகளின் காரப்போலிகள் அவருடைய ஆராய்ச்சிக்கு உட்பட்டன. ஆரைக்கீரையைக் கொண்டு வலிப்பு நோய்க்கு மருந்து காணும் முயற்சியிலும் அவர் ஈடுபட்டார். 1961-இல் இரசாயனத்துக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. 1967-இல் தந்தையையும் கணவரையும் சில மாதங்களுக்குள் இழந்து உடலும் மனமும் தளர்ந்த காலத்தில், உடன் பணிபுரிந்தோர் அவருக்குத் துணைநின்றனர். மீண்டும் பணிக்கு வந்த அவர், 1975-இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரஸின் முதல் பெண் தலைவரானார். 2006-இல் காலமானார். தாயைப் பின்பற்றி மகளும் இரசாயனத் துறையிலேயே ஈடுபட்டார்.

மனவலிமை மட்டும் போதுமா?

இத்தகைய வரலாறுகளைப் படிப்போர், அனைத்தும் தனியொருவரின் மனவலிமையால் விளைந்தவை என்று எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் முழு உண்மையன்று. விஞ்ஞானத்தை அறிந்த கணவரும், குழந்தையைக் காத்த பெண்மணியும், சோர்ந்தபோது தாங்கிய சக ஆசிரியர்களும் இல்லாத எத்தனையோ பெண்களின் ஆராய்ச்சி, முதற்குழந்தை பிறந்ததும் நின்றுவிடுகிறது. சிலருக்குப் பாக்கியத்தால் கிட்டிய துணையை எல்லோருக்கும் உரிமையாக்குவதே சமுதாயத்தின் கடமை.

இத்திசையில் சில படிகள் எடுத்துவைக்கப்பட்டுள்ளன. 1961-ஆம் ஆண்டின் பேறுகாலச் சலுகைச் சட்டம் 12 வாரங்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பளித்தது. 2017-இல் முதலிரு குழந்தைகளுக்கு அது 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிலையங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயமாக்கப்பட்டது. மத்திய அரசின் பெண் ஊழியர்கள் குழந்தை வளர்ப்புக்கெனத் தம் பணிக்காலத்தில் 730 நாட்கள் வரை விடுப்புப் பெறும் வசதி 2008-இல் ஏற்பட்டது.

எனினும், சட்டம் தரும் விடுப்பைத் தயங்காமல் கேட்கும் சூழ்நிலை அலுவலகத்தில் நிலவ வேண்டும். தொட்டிலை ஆட்டுவது தந்தைக்கும் உரிய பணி என்பதை வீடு ஏற்க வேண்டும். பெண்களின் கல்வியை ஊக்குவிக்கும் ஆசிரியர்களும், கிராமந்தோறும் குடும்பங்களைச் சந்திக்கும் களப்பணியாளர்களும் இக்கருத்தைப் பெற்றோரிடையே பரப்புவார்களாயின், கற்ற பெண்ணின் அறிவு தாய்மைக்குப் பின்னரும் நாட்டுக்குப் பயன்படும்.