கொழும்பு மாநகரின் தெருப்பெயர்கள்

ஓர் ஊரின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச் சுவடியையும் நாடுவர். இவை கிடையாதவிடத்தும் அழியாது நிற்கும் சான்று ஒன்று உண்டு. அஃது அவ்வூர் மக்கள் நாவிற் பயிலும் பெயர். கொழும்புக் கோட்டையின் மதில்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டன. ஆயினும் மதிலுக்கு உள்ளே இருந்த இடம் இன்றும் ‘கோட்டை’ எனவே வழங்குகின்றது. வெளியே இருந்த இடம் ‘புறக்கோட்டை’ எனவே வழங்குகின்றது. மதில் இல்லாத நகரில் மதிலின் எல்லையைக் காட்டி நிற்பவை இவ்விரு பெயர்களே. எனவே, ஒரு மாநகரம் தன் தெருக்களுக்கும் பொதுவிடங்களுக்கும் எவ்வாறு பெயர் பெறுகின்றது என்பது ஆராயத்தக்க பொருளேயாம்.

பவணந்தி முனிவர் தமது நன்னூலிற் பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்தார். காரணம் எதனையும் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. ஒரு காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். மரம் என்பதையும் பறவை என்பதையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு மாணாக்கர் இப்பகுப்பினைக் கற்பர். அவர்கள் தத்தம் தெருமுனையில் நின்று அங்குள்ள பெயர்ப்பலகையை நோக்குவாராயின், அவ்விலக்கணம் ஆண்டும் செல்லுதலைக் காண்பர்.

மக்கள் தாமாகவே வழங்கிய பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களே. காலி நகருக்குச் செல்லும் பெருவழி காலி வீதியாயிற்று. கறுவாப் பயிர் செழித்த நிலம் கறுவாத்தோட்டமாயிற்று. களனி கங்கை கடலொடு கலக்குமிடம் முகத்துவாரமாயிற்று. இத்தமிழ்ப் பெயரே ஐரோப்பியர் நாவில் ‘மட்வால்’ என மருவியது என்பர். சிங்கள மக்கள் அவ்விடத்தை ‘மோதர’ என அழைப்பர். அதற்கும் பொருள் முகத்துவாரமே.

வெள்ளவத்தை என்னும் பெயரை வெள்ளத்தோடும் வெண்மையோடும் இயைத்துப் பொருள் கூறுவார் தமிழருட் சிலர் உளர். அது பொருந்தாது. அப்பெயர் சிங்களச் சொற்களால் ஆயது. ‘வெல்ல’ என்பது மணல். ‘வத்த’ என்பது தோட்டம். கடலோரத்து மணற்பாங்கான தோட்டநிலம் என்பதே அதன் பொருள். சிங்கள ‘வத்த’ தமிழில் ‘வத்தை’ ஆவது போலப் ‘பிட்டிய’ என்பது ‘பிட்டி’ ஆகிப் பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும் நிற்கின்றது. கொட்டாஞ்சேனையின் ஈற்றில் உள்ள ‘சேனை’யும் சிங்கள ‘ஹேன’வும் ஒன்றே. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலத்தை அச்சொல் குறிக்கும். இன்று கடைகளும் வீடுகளும் நெருங்கி, இடைவெளி காண்டற்கரிதாய் உள்ள கொட்டாஞ்சேனை, ஒருகாலத்திற் புனமாய் இருந்தது என்னும் செய்தியை அப்பெயர் தன்னுட் பொதிந்து வைத்திருக்கின்றது.

நிலத்தால் அமைந்த பெயர்களைப் போன்றே தொழிலாலும் குடியாலும் அமைந்த பெயர்களும் உள. காவிரிப்பூம்பட்டினத்தின் மருவூர்ப்பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும் தனித்தனி வீதிகளில் இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறும். அம்மரபினை ஒத்து, நகரத்தார் முதலாய வணிகர் வாழ்ந்து வாணிகம் செய்த தெரு கொழும்பிற் ‘செட்டியார் தெரு’ எனப் பெயர் பெற்றது. கதிரேசன் கோயில்கள் விளங்குவதும் ஆடிவேல் விழாவோடு தொடர்புடையதும் அத்தெருவே. அதற்குச் சிங்களத்தில் ‘ஹெட்டி வீதிய’ என்று பெயர். ஆங்கிலேயரோ அதனைக் ‘கடல் தெரு’ என்னும் பொருள்பட அழைத்தனர். உள்ளே வாழ்ந்தோரை நோக்கி இரு மொழியினர் பெயரிட, அருகே கிடந்த கடலை நோக்கி மூன்றாம் மொழியினர் பெயரிட்டனர். ஒரே தெருவை யார் எங்கு நின்று பார்த்தனர் என்பதைப் பெயர்களே காட்டிவிடுகின்றன.

இத்தகைய வேறுபாடு கொழும்பிற் பலவிடத்தும் உண்டு. 1656ஆம் ஆண்டிற் கொழும்பு முற்றுகையின்போது உயிர்துறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் என்பவரின் பெயரால் ஹல்ஸ்டோர்ப் என ஓரிடம் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. நீதிமன்றங்கள் அமைந்துள்ள அவ்விடம் தமிழர்க்குப் ‘புதுக்கடை’. சிங்களவர்க்கும் அதே பொருளுடைய ‘அலுத்கடே’. தளபதியின் புகழை அரசு நினைத்தது. புதிதாக எழுந்த கடையை மக்கள் நினைத்தனர். ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்த இடம் ஆங்கிலத்தில் ‘அடிமைத் தீவு’ எனப் பெயர் பெற்றது. அவ்விடத்தைத் தமிழரும் சிங்களவரும் கொம்பனித்தெரு என்றே கூறிவந்தனர். புறக்கோட்டையின் ஆங்கிலப் பெயராகிய ‘பெற்றா’ என்பதோ தமிழ்ப் ‘பேட்டை’யின் திரிபாகும். தமிழர் தந்த சொல்லை ஆங்கிலேயர் கைக்கொள்ள, தமிழர் தாம் வேறு பெயரால் அவ்விடத்தை அழைப்பது வியப்பைத் தருவதாம்.

பெயர் மாறி வழங்குதற்குச் செவிப்பிழையும் ஒரு காரணமாகும். கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம் 1757ஆம் ஆண்டில் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. போர்த்துக்கேயர் காலத்தில் அங்குக் குவாதலூப்பே அன்னையின் பெயரால் ஒரு கோயில் இருந்தது என்றும், அப்பெயரின் ஒலியைப் பிறழ உணர்ந்த ஒல்லாந்தர் ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும் பெயரை அவ்விடத்திற்கு வழங்கினர் என்றும் கூறுவர். ஓநாய் இல்லாத நாட்டில் ஓநாயின் பெயர் நிலைத்தது இவ்வாறேயாம்.

1865ஆம் ஆண்டின் சட்டத்தாற் கொழும்பு மாநகர சபை தோன்றியது. அதன்பின் தெருவுக்குப் பெயரிடுதல் ஆட்சிக்குரிய கடமைகளுள் ஒன்றாக வளர்ந்தது. வரி மதிப்பிடவும், கடிதம் சேர்ப்பிக்கவும், தீயணைப்போரும் மருத்துவரும் விரைந்து செல்லவும் ஒவ்வொரு வீதிக்கும் ஐயமற்ற பெயரும் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் வேண்டப்பட்டன. ஆட்சி இடும் பெயர் ஆள்வோரை நினைவூட்டுவதாய் அமைதல் இயல்பு. 1890 முதல் 1895 வரை தேசாதிபதியாயிருந்த ஹவ்லொக்கின் பெயரை ஹவ்லொக் வீதி தாங்கியது. விக்டோரியா மகாராணியாரின் பெயரைப் பூங்கா ஒன்று பெற்றது.

1948இல் நாடு விடுதலை பெற்றபின் இப்பெயர்களுட் பல மாற்றப்பட்டன. விக்டோரியா பூங்கா, துட்டகைமுனு மன்னனின் தாயார் பெயரால் விகாரமகாதேவி பூங்காவாயிற்று. புகையிரத நிலையத்திற்கு முன்னுள்ள நொரிஸ் வீதி, பௌத்த கல்விக்கு உழைத்த ஒல்கொட் அவர்களின் பெயரைப் பெற்றது. பாசன்ஸ் வீதி, சேர் சிற்றம்பலம் கார்டினர் மாவத்தையாயிற்று. ‘பசும்பாதை’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடிருந்த வீதிக்குக் கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் சூட்டப்பட்டது. 2011இல் ஆங்கே தாமரைத் தடாக அரங்கு திறக்கப்பட்ட பின்னர், அவ்வரங்கின் சிங்களப் பெயரும் அவ்வீதிக்கு வழங்கலாயிற்று. அறிஞர் பெயராயினும் அசையாது நிற்கும் என்பதற்கு உறுதியில்லை என்பது இதனாற் பெறப்படும்.

சிறப்புப்பெயர்களுள் எவை பொருத்தமானவை? இடத்தோடு உண்மையான தொடர்புடையவையே எனலாம். வெள்ளவத்தையிற் பிறந்து சிங்கள நாவலிலக்கியத்தை வளர்த்த டபிள்யூ. ஏ. சில்வா (1890–1957) அவர்களின் பெயரை அவ்வூரின் பெருந்தெரு ஒன்று தாங்குகின்றது. இராமகிருஷ்ண மிஷன் அமைந்த வீதி இராமகிருஷ்ண வீதியாயிற்று. 1897ஆம் ஆண்டு தை மாதத்தில் மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் முதலில் அடியெடுத்து வைத்த நகரம் கொழும்பு. அவர் நினைவாக 1902இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையிற் பணிபுரியும் இடம் விவேகானந்த மேடு என வழங்குகின்றது. பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கற்றிருப்பணியாக எடுப்பித்த சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயர் அக்கோயில் நிற்கும் வீதிக்கே உரியதாயிற்று. இவை புகழ்ப்பெயர்களாயினும் காரணப்பெயர்களின் தன்மையும் உடையன. வழியே செல்லும் சிறுவன் ‘இப்பெயர் ஏன்?’ என வினவின், அத்தெருவிலேயே விடை காட்டலாம்.

இடத்தோடு ஒட்டாத பெயரைப் பலகை ஏற்பினும் மக்கள் நா ஏலாது. காலி வீதிக்கு இணையாக அமைந்த சாலை ஆர். ஏ. டி மெல் மாவத்தை எனப் பெயர் மாற்றப்பட்டுப் பல்லாண்டு கழிந்தும், மக்கள் ‘டுப்ளிகேஷன் வீதி’ என்றே கூறுவர். சென்னையிலும் அண்ணா சாலையை ‘மவுண்ட் ரோடு’ என்பார் இன்றும் உளர். நீண்ட பட்டங்களோடு கூடிய பெயர்கள் நாளடைவிற் குறுகிவிடுகின்றன. கொழும்புத் தேசிய வைத்தியசாலையைப் ‘பெரியாஸ்பத்திரி’ எனத் தமிழ் மக்கள் வழங்கியதற்கு எந்தச் சபையும் தீர்மானம் இயற்றவில்லை.

இனி, பெயருக்குப் பதிலாக எண்ணையே கொள்ளும் முறையும் உண்டு. 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி நியூயோர்க் நகரின் மன்ஹட்டனில் வீதிகள் எண்ணிடப்பட்டன. கொழும்பிலும் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் முதலாம், இரண்டாம் என எண் பெற்றன. வெள்ளவத்தையில் 37ஆம் ஒழுங்கை, 42ஆம் ஒழுங்கை என்றாற்போல்வன உள. நகரின் அஞ்சற் பிரிவுகளும் எண்களே; வெள்ளவத்தை கொழும்பு 6, கொட்டாஞ்சேனை கொழும்பு 13. இவை இடுகுறிக்கு ஒப்பானவை. எவரையும் புகழாமையால் எவரையும் புண்படுத்தா; ஆயின் எதனையும் நினைவூட்டா.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். பெயர்ப்பலகையை நாட்டுவது சபை. பெயரை வாழச்செய்வது வழக்கு. மும்மொழி வழங்கும் நகரில் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1987இல் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென விதித்தது. 1988இன் 16ஆவது திருத்தம் அதற்கு மேலும் இடந்தந்தது. ஆகவே, பலகையில் தமிழ் வரி இருத்தல் சலுகையன்று, சட்டம் தந்த உரிமை. ஆனால் அவ்வரியில் எழுதப்படுவது யாது என்பதே வினா.

மக்கட் பெயரை மொழிபெயர்த்தல் தகாது; அதனை ஒலிபெயர்த்தே எழுதல் வேண்டும். பொதுச்சொல்லாயின் பிரதான வீதி, குறுக்குத் தெரு என்பன போல மொழிபெயர்க்கலாம். தமிழில் முன்னரே தனிப்பெயர் உள்ள இடத்திற்கோ இவ்விரண்டும் பொருந்தா. செட்டியார் தெருவுக்குப் பலகை எழுதுபவர், சிங்களப் பெயரையோ ஆங்கிலப் பெயரையோ தமிழெழுத்தால் எழுதி அமைவாராயின், அங்கே எழுத்துத் தமிழாயிருக்கும், பெயர் தமிழாயிராது. புதுக்கடையும் முகத்துவாரமும் அவ்வாறே மறைதல் கூடும். எழுத்துப்பிழையைக் கண்டவர் சுட்டித் திருத்தலாம். மறைந்த பெயரை அறிந்தவர் ஒருவரும் இல்லையாயின் திருத்துவார் யார்?

தமிழகத்து ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து ரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலை வெளியிட்டார். கொழும்பின் தெருக்களுக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் நெடுங்காலம் வாழ்ந்த முதியோரை மாணாக்கர் அணுகி, ஒவ்வொரு தெருவுக்கும் ஒழுங்கைக்கும் சந்திக்கும் அவர் வழங்கும் பெயரையும் அதற்குக் கூறும் காரணத்தையும் எழுதிக்கொள்ளலாம். கூறிய காரணம் அனைத்தும் வரலாறு ஆகிவிடாது. வெள்ளவத்தையை வெள்ளத்தோடு இயைத்த கதை அதற்குச் சான்று. அவற்றைச் சிங்களச் சொல்லோடும் பழைய நிலப்படத்தோடும் ஒப்புநோக்கி ஆய்தல் ஆசிரியர் கடன். அவ்வாறு தொகுத்ததை மாநகர சபைக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் அளித்தல் பழைய மாணவர்க்கு எளிதிற் கைகூடும். நன்னூற் சூத்திரத்தை வகுப்பறையிற் கற்ற மாணாக்கன், அதனைத் தன் தெருமுனையிற் கையாளக் கற்பானாயின், முதியோர் நாவில் எஞ்சியுள்ள பெயர்கள் ஏட்டிலும் பலகையிலும் இடம்பெறும்.