நிமிர்ந்து நிற்கும் குளிர்காலம்

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடிக்க எவ்வளவு சாப்பாடு செலவாகும்? அரை இட்லி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு படி 17 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்த ஏற்றம் 46 மீட்டர். 60 கிலோ எடையுள்ளவர் தம் உடம்பை அந்த உயரத்துக்குத் தூக்க 27 கிலோஜூல் வேலை செய்கிறார். ஆனால் தசை அப்படியொன்றும் சிக்கனமான இயந்திரம் இல்லை. கொடுத்ததில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக்கித் தரும். எனவே மொத்தச் செலவு 108 கிலோஜூல். சாப்பாட்டுக் கணக்கில் 26 கலோரி. சின்ன இட்லியில் பாதி.

அப்படியானால் 200ஆவது படியில் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? செலவு சின்னது, அதைச் செய்யும் வேகம் பெரியது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறத்தாழ 80 வாட் பல்பு போல எரிகிறது. 4 நிமிடத்தில் படியேறும் உடம்பு 450 வாட் கேட்கிறது. அதில் முக்கால் பங்கு நம்மை மேலே தூக்குவதே இல்லை, வெறும் சூடாகிவிடுகிறது. மலையேறுகிறவர் உண்மையில் சுமப்பது தம் எடையை மட்டுமல்ல, தாமே மூட்டிய அடுப்பையும் சேர்த்துத்தான்.

272 படியோடு நின்றால் அந்தச் சூடு பெரிதாகத் தெரியாது. உடம்பு அரை டிகிரிகூட ஏறாது. உலு லங்காட் பக்கம் நுவாங் மலையில் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறும் ஓட்டக்காரரின் கதை வேறு. ஒரு மணி நேரத்தில் அவர் உடம்பில் சேரும் சூடு வெளியேறாமல் அப்படியே தங்கினால், 37 டிகிரி 42 ஆகிவிடும். அது உயிருக்கு ஆபத்தான எல்லை. அந்தச் சூட்டை இறக்கிவைக்க ஏறத்தாழ அரை லிட்டர் வியர்வை உலர வேண்டும். உலர வேண்டும் என்பதுதான் முக்கியம். வழிந்து சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆவியாகும்போதுதான் தோலிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வம்பே இங்குதான். விடியற்காலையில் வெப்பம் 24 டிகிரிதான். காற்றோ ஈரத்தால் ஏறக்குறைய நிறைந்து, வியர்வையை வாங்கிக்கொள்ள அதிக இடமில்லாமல் நிற்கிறது. காசிங் குன்றில் ஒரு சுற்று ஓடிவிட்டு வருகிறவரின் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். அவ்வளவும் வீணாய்ப் போன வியர்வை.

வியர்வை தோற்றால் சுமை இதயத்தின் தலையில் விழும். காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியே தள்ளத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் திறந்தது போல இரண்டு பக்கமும் வேகம் குறையும். குளிர்நாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் மலையேறுவதை ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. 5 டிகிரிக் காற்றில் சூடு தானாகவே உடம்பைவிட்டு ஓடுகிறது. தோல் பங்கு கேட்பதில்லை. ரத்தத்தின் பெரும்பங்கு காலுக்கே. அடுப்பு எரிய எரிய அவர்களுக்குச் சுகம், நமக்குத் தண்டனை.

மலேசியாவில் நமக்குக் குளிர்காலம் இல்லையா? மார்கழியிலும் தையிலும் சைபீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் குளிர்காற்று கிளம்பத்தான் செய்கிறது. ஆனால் தென்சீனக் கடலைத் தாண்டி வருவதற்குள் கடல் அதைச் சூடாக்கி, ஈரமும் ஏற்றி, மழையாகத்தான் நம்மிடம் அனுப்புகிறது. ஆகவே நம் ஊரில் குளிரை நாட்காட்டியில் தேடிப் பயனில்லை. அண்ணாந்து பார்க்க வேண்டும்.

மேலெழும் காற்றுக்கு மேலே அழுத்தம் குறைவு. அதனால் விரிகிறது, விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழிக்கிறது. கணக்கு எளிது: 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி. கடல்மட்டத்தை ஒட்டிய கிள்ளானில் கிளம்பி 1,493 மீட்டர் நுவாங் உச்சியை அடைந்தால் ஏறக்குறைய 9 டிகிரி குறையும். சபாவின் கினபாலு, 4,095 மீட்டர். விடியலில் அதன் உச்சிப் பாறையில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பிற நாடுகளில் குளிர்காலம் மாதங்களாகப் படுத்துக் கிடக்கிறது. இங்கே மீட்டர்களாக நிமிர்ந்து நிற்கிறது.

அந்த நிமிர்ந்த குளிர்காலத்தின் உச்சிப்படிவரை போன நம்மவர்களும் உண்டு. 1997 மே 23இல் எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். மலேசியாவிலிருந்து அங்கே போன முதல் இருவரும் தமிழர்கள். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், பத்துமலை அடிவாரத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

சூட்டின் கணக்கை நம் முன்னோர் வாட் தெரியாமலே போட்டிருக்கிறார்கள். பத்துமலைத் தைப்பூசம் 1892இலிருந்து நடக்கிறது. ரதம் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து இரவில்தான் புறப்படும்; கூட நடக்கும் கூட்டத்துக்கு வழியின் பெரும்பகுதியில் வெயில் இல்லை. காவடிக்காரர்களில் பலர் பொழுது ஏறுமுன் படியேறிவிடப் பார்ப்பார்கள். இன்றைய மலையேறிகள் தலைவிளக்கு கட்டிக்கொண்டு இருட்டில் கிளம்புவதும் அதே கணக்கில்தான்.

உச்சியில் ஓர் எச்சரிக்கை. ஏறும்போது எரிந்த அடுப்பு, நின்றதும் அணைந்துவிடும். நனைந்த சட்டை மட்டும் மிஞ்சும். அதில் காற்று பட்டால், கீழே வீணாய்ச் சொட்டிய வியர்வை இப்போது மும்முரமாக உலர ஆரம்பிக்கும். பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். பையில் ஓர் உலர்ந்த சட்டை இருக்கட்டும்.

இறங்குவதை இலேசாக நினைக்க வேண்டாம். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது; இறங்கும்போது நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அதில்தான் தசை இழைகள் நுண்ணிதாய்ச் சேதமாகின்றன. மறுநாள் மாடிப்படியில் முனகவைப்பது பலரும் பழிபோடும் லாக்டிக் அமிலம் அல்ல, இந்தச் சேதம்தான். ஏறியதற்கான கூலியை இறக்கம் வாங்கிக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு பிரிக்பீல்ட்ஸில் பசியாற உட்கார்ந்தால், பத்துமலைக்குப் போய்வந்தவருக்குக் கணக்குப்படி அரை இட்லி போதும். நான்காவது இட்லியைத் தட்டில் வைக்கும்போது கணக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.