‘றன்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலங் கற்கப் புகும் மாணாக்கர் அஞ்சுவது நீண்ட சொற்களைக் கண்டேயாம். அவ்வச்சம் பெரும்பாலும் வேண்டாத அச்சம். தாவரவியல் நூலிலோ இரசாயன நூலிலோ வரும் நெடுஞ்சொல்லுக்குப் பொருள் ஒன்றே. அதனை ஒருமுறை தெளிந்தார்க்கு அது பின்னர் இடர் செய்வதில்லை. இடர் செய்வன மூன்றெழுத்துச் சொற்களே. அவற்றுள் ‘றன்’ என்பது தலையாயது. கீழ்வகுப்பில் ‘ஓடு’ எனப் பொருள் எழுதிக் கொடுக்கப்படும் இச்சொல்லுக்கு, ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதியின் திருத்தப் பதிப்பில் வினைச்சொல் என்ற அளவில் மாத்திரம் 645 பொருள்கள் வகுக்கப்பட்டுள்ளன. பீற்றர் கிலிவர் என்னும் அகராதியாசிரியர் இவ்வொரு சொல்லை ஆராய்ந்து முடிக்க ஒன்பது மாதம் உழைத்தார். 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்தது ‘செற்’ என்னுஞ் சொல். 2011 அளவில் அப்பெருமை ‘றன்’ என்பதற்கு உரியதாயிற்று.

இத்துணைப் பொருள் ஒரு சொல்லில் வந்து குவிந்தமைக்குக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘றின்னன்’ என வழங்கிய இதன் மூலவடிவம் காலால் ஓடுதலை மாத்திரமன்றி நீர் ஒழுகுதலையும் குறித்தது. எனவே, ஆறு ஓடுகிறது என ஆங்கிலேயர் கூறுவதை மனிதன் ஓட்டத்திலிருந்து பெற்ற உருவகம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மூக்கு ஒழுகுதலும், துணியின் சாயம் கரைந்து பரவுதலும், குழாயில் நீர் வருதலும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுதல் இதுபற்றியே. இனமொழியாகிய ஜேர்மன் மொழியில் ஒழுகுதலுக்கு ‘றின்னன்’ எனவும் ஓடுதலுக்கு ‘றென்னன்’ எனவும் இன்றும் இரு சொற்கள் உள.

இதனினும் முக்கியமானது பிறிதொன்று. தானே ஓடுதலுக்கு ஒரு வினையும், மற்றொன்றை ஓடச் செய்தலுக்கு வேறொரு வினையும் பழைய ஆங்கிலத்தில் இருந்தன. காலப்போக்கில் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே வடிவாயின. தமிழோ ‘ஓடு’ எனத் தன்வினையையும் ‘ஓட்டு’ எனப் பிறவினையையும் பிரித்தே வைத்துள்ளது. ‘அவர் பாடசாலையை ஓடுகிறார்’ என மொழிபெயர்த்து மாணாக்கன் ஒருவன் நகைப்புக்கு இடமாவது, இவ்வேறுபாட்டை அவனுக்கு எவரும் எடுத்துக் கூறாமையினாலேயாம். குற்றம் அவனுடையதன்று, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என எழுதுவித்த குறிப்புப் புத்தகத்தினுடையது.

பல இடங்களில் இரு மொழிகளும் ஒத்தே செல்கின்றன. கடிகாரமும் இயந்திரமும் வண்டியும் இரண்டிலும் ஓடுகின்றன. புதிய தேரையோ தோணியையோ முதன்முதல் ஓட்டிப் பார்த்தலுக்குத் தமிழர் இட்ட ‘வெள்ளோட்டம்’ என்னும் பெயருக்கு ஈடாக ஆங்கிலத்தாரும் ‘றன்’ என்பதையே கொண்டு ஒரு தொடர் அமைத்துள்ளனர். கிரிக்கெற் ஆட்டத்தில் ‘றன்’ என்பது தமிழில் ‘ஓட்டம்’ ஆயிற்று. ஓடாமற் பெறும் ஓட்டமும் அதனுடன் வந்தது. 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை அணி 6 விக்கெற்றுகளை இழந்து 952 ஓட்டங்கள் பெற்றபோது, எல்லைக் கோட்டைக் கடந்த பந்துகளுக்கு எவரும் ஓடவேண்டியிருக்கவில்லை.

ஒவ்வாத இடங்களே சுவை மிக்கன. பாடசாலையையும் கடையையும் அரசையும் ஆங்கிலேயர் ஓட்டுவர், தமிழர் நடத்துவர். ‘நடத்து’ என்பது ‘நட’ என்பதன் பிறவினையாதலின், ஒரே பாடசாலை ஆங்கிலத்தில் ஓட, தமிழில் நடக்கின்றது. (முகாமையாளர் எவரும் தம் மந்தகதிக்கு இதனைக் காரணங் காட்டாதிருப்பாராக!) தமிழில் ‘கடையை ஓட்டுகிறார்’ என்றாலோ, ஊதியமின்றி எவ்வாறோ நாளைக் கடத்துகிறார் என்னும் குறிப்பும் உடன் தோன்றிவிடும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவர், பிரித்தானியர் நிற்பர், தமிழரும் நிற்பவரே.

பின்வரும் சிறுசொல்லால் பொருள் முற்றும் மாறுதலும் உண்டு. அரிசி தீர்ந்துபோதல், வண்டி ஒருவர் மேல் ஏறுதல், நெடுநாட் காணாத நண்பரை வழியில் எதிர்ப்படுதல், ஒருவரை இழித்துரைத்தல் ஆகிய நான்கும் ‘றன்’ என்பதனோடு ஒவ்வொரு சிறுசொல் சேர்தலாற் பிறப்பன. இவற்றைப் பிரித்துப் பொருள் காணல் இயலாது. தொடராகவே கற்றல் வேண்டும்.

பிழை நேரின் பெருங்கேடு விளையுமிடம் நீதிமன்றம். குற்றவாளி ஒருவனுக்கு 2 ஆண்டும் 3 ஆண்டுமாக இரு சிறைத்தண்டனைகள் விதிக்கப்படின், அவை எவ்வாறு ‘றன்’ ஆகும் என்பதையும் ஆங்கிலத் தீர்ப்பு கூறும். இங்கு அச்சொல் காலம் கழிதலைக் குறிக்கும். ஏககாலத்தில் எனின் அவன் சிறையில் இருக்கவேண்டியது 3 ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாக எனின் 5 ஆண்டு. ‘தண்டனைகள் ஓடும்’ என மொழிபெயர்ப்பாளர் எழுதிவிட்டால், தண்டனை ஓடிப்போயிற்று எனக் கைதியின் வீட்டார் மகிழவுங் கூடும். குத்தகை 3 ஆண்டு ‘றன்’ ஆகும் என்பதும், வட்டி இன்ன தேதி முதல் ‘றன்’ ஆகும் என்பதும் இத்தகையனவே. முன்னதற்கு ‘செல்லுபடியாகும்’ எனவும், பின்னதற்குக் ‘கணக்கிடப்படும்’ எனவும் எழுதுதல் தகும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்போர்க்கும் இவ்வாறே இடர் உண்டு. கண்ணை ஒரு பக்கத்தின் மேல் ஓட்டுதல் என ஆங்கிலத்தில் ஒரு தொடர் வழங்குகின்றது. அது விரைந்து பார்த்தலையே குறிக்கும். ‘கண்ணோட்டம்’ என்பதை இன்று நோக்கு என்ற பொருளில் வழங்குவோர் பலர். ஆயின் திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தில் அது இரக்கம். பழகியவர்பாற் கண் சென்றவிடத்து மறுக்கமாட்டாத நெஞ்சின் நெகிழ்ச்சி. 1886இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் போப் ஐயர் கண்ணையும் ஓட்டத்தையும் ஒருங்கே விடுத்து, அருளுடைமையைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லையே அவ்வதிகாரத்துக்குத் தலைப்பாக இட்டார்.